தொல்லை தரும் மனிதர்கள்: பௌத்த மரபு கற்றுத்தரும் பயிற்சி

பௌத்த மரபில் எரிச்சலூட்டும் மனிதர்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் அதீசரிடம் வந்து நிற்கும். அதீசர் 982ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தவர். தீபங்கர ஸ்ரீஞானர் என்பது துறவுப் பெயர். கடல் கடந்து, சுவர்ணத்வீபம் என்று அழைக்கப்பட்ட சுமத்ராவுக்குப் போய், அங்கே தர்மகீர்த்தி என்ற ஆசிரியரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தார். திபெத்தியர்கள் அந்த ஆசிரியரை செர்லிங்பா, அதாவது பொன் தீவுக்காரர் என்பார்கள். (ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025ல். அதீசர் படிப்பை முடித்து ஊர் திரும்பியதும் ஏறத்தாழ அந்தச் சமயம்தான். சரித்திர நாவல் எழுதுகிற யாராவது கவனிக்கலாம்.) பிறகு விக்கிரமசீல மடாலயத்தில் பெரிய ஆசிரியராக இருந்தார். மேற்குத் திபெத்தின் அரச குடும்பத்தினர் வருந்தி அழைக்க, 1042ல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1054ல் லாசாவுக்கு அருகிலுள்ள நியேதாங்கில் காலமானார்.

திபெத்துக்குக் கிளம்பும்போது அவருக்கு ஒரு கவலை வந்ததாம். திபெத்தியர்கள் ரொம்பவும் சாதுவானவர்கள், நல்ல சுபாவம் உள்ளவர்கள் என்று சொன்னார்கள். அப்படியானால் பொறுமையைப் பயிற்சி செய்ய அங்கே ஆள் கிடைக்காதே! அதனால் தன் வங்காளிப் பணியாள் ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அவன் எடுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசுவான், முணுமுணுப்பான், சொன்ன வேலையைச் செய்யமாட்டான். இவனை ஏன் வைத்திருக்கிறீர்கள், அனுப்பிவிடுங்கள், நாங்கள் பணிவிடை செய்கிறோம் என்று சீடர்கள் கேட்டபோது, இவன்தான் என் பொறுமைக்கு வாத்தியார் என்றாராம். திபெத்தியர்களே இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு வாலையும் சேர்த்துச் சிரிப்பார்கள். வந்து பார்த்த பிறகு, அவனைக் கூட்டி வந்திருக்கவே வேண்டாம் என்பது அதீசருக்குப் புரிந்துவிட்டதாம்.

மேற்கத்திய நூல்களில் இந்தப் பணியாள் 'டீ பையன்' ஆகிவிட்டான். பதினோராம் நூற்றாண்டு வங்காளத்தில் டீ எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தேயிலையை அங்கே பரப்பியவர்கள் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளைக்காரர்கள். ஆகவே இந்தக் கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு மரபு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையில் அதன் குணம் தெரியும். அதீசரின் வழியில் வந்தவர்கள் 'லோஜோங்' என்ற ஒரு பயிற்சி முறையை வளர்த்தார்கள். மனத்தைப் பழக்குதல் என்று சொல்லலாம். அதில் லாங்ரி தாங்பா எழுதிய எட்டுப் பாடல்களும், அவருக்குப் பின்வந்த செகாவா ஏழு தலைப்புகளில் தொகுத்த சிறுசிறு வாசகங்களும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. வாசகங்களின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும். பரவலாக உள்ள பதிப்பில் 59. இவற்றின் சாரமான கட்டளைகளில் ஒன்று, யார் நமக்கு என்ன செய்தாலும் அவரிடம் நன்றியோடு இருக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பெமா சோட்ரன் என்ற பிக்குணி. 1994ல் வந்த அவருடைய 'ஸ்டார்ட் வேர் யூ ஆர்' என்ற நூல் இந்த வாசகங்களுக்கான விளக்கம்தான்.

நன்றியோடு இரு என்று சொல்வது சுலபம். ஏன் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குத் தர்க்கமாகப் பதில் சொன்னவர் சாந்திதேவர். எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்தவர். அவருடைய 'போதிசரியாவதாரம்' என்ற சம்ஸ்கிருத நூலின் ஆறாவது அத்தியாயம் முழுக்கப் பொறுமையைப் பற்றியது. தலாய் லாமா 1993ல் அரிசோனாவில் இந்த ஓர் அத்தியாயத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு சில நாட்கள் பேசினார். அது 'ஹீலிங் ஆங்கர்' என்ற பெயரில் 1997ல் புத்தகமாக வந்தது.

சாந்திதேவரின் முறை வக்கீல் முறை. எதிராளியின் வாதத்தைத் தானே சொல்லித் தானே உடைப்பார். ஒருவன் தடியால் அடித்தால் நாம் தடியின் மேல் கோபப்படுவதில்லை, தடியைப் பிடித்தவன் மேல் கோபப்படுகிறோம். அந்தத் தடியை அவன் ஆட்டினான் என்றால், அவனை ஆட்டியது அவனுடைய வெறுப்பு. அப்படியானால் கோபம் வெறுப்பின் மேல் அல்லவா வர வேண்டும் என்கிறார். பித்தம் ஏறி உடம்பு வதைத்தால் பித்தத்தோடு சண்டை போடுவதில்லை. மனிதர்களும் காரணங்களால் தள்ளப்பட்டுத்தான் நடந்துகொள்கிறார்கள். அவர்களோடு மட்டும் ஏன் சண்டை?

இதுவரை எந்த நீதிநூலிலும் வரக்கூடியதுதான். அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தானம் செய்ய நினைத்தால் வாங்குவதற்கு ஆள் ஏராளமாகக் கிடைக்கிறது. பொறுமையைப் பழக நினைத்தால் தீங்கு செய்ய ஆள் கிடைப்பது அபூர்வம், அதிலும் நாம் தீங்கு செய்யாதபோது. ஆகவே பகைவன் என்பவன் உழைக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடைத்த புதையல் என்கிறார். உடனே எதிர்க்கேள்வியையும் அவரே கேட்கிறார்: அவனுக்கு என் பொறுமையை வளர்க்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லையே, அவனை எதற்கு மதிக்க வேண்டும்? பதில் இதுதான். அவனுக்கு அந்த எண்ணம் இருந்தால் அவன் வைத்தியன் ஆகிவிடுவான். கத்தியை வைத்தாலும் வைத்தியன் நல்லதுக்குத்தான் வைக்கிறான் என்று நமக்குத் தெரியும். அங்கே பொறுமைக்கு என்ன வேலை? கெட்ட எண்ணத்தோடு வருகிறவனிடம் மட்டுமே பொறுமை என்ற ஒன்று உண்டாக முடியும்.

இந்த வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. "உள்ளுக்குள் அவர் ரொம்ப நல்லவர்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை அது எதிர்பார்க்கவில்லை. அவர் நல்லவராக இல்லாமலே இருக்கலாம்.

காளி என்ற வேலைக்காரி

பாலி நூல்களில் இதே விஷயம் வேறு கோணத்தில் வருகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் 21வது சூத்திரம் 'ககசூபம சுத்தம்'. ககசம் என்றால் ரம்பம். கொள்ளைக்காரர்கள் இரண்டு பக்கமும் பிடியுள்ள ரம்பத்தால் உறுப்பு உறுப்பாக அறுத்தாலும், அவர்களிடம் மனத்தைக் கெடுத்துக்கொள்கிறவன் என் உபதேசத்தைப் பின்பற்றுகிறவன் அல்ல என்று புத்தர் சொல்லும் இடம் இதில்தான் வருகிறது. அந்த உவமை ரொம்பப் பிரபலம். அதற்கு முன்னால் வரும் கதை அவ்வளவு பிரபலம் இல்லை.

சாவத்தி நகரத்தில் வேதேகிகா என்று ஒரு வீட்டுத் தலைவி. சாந்தமானவள், அடக்கமானவள் என்று ஊரெல்லாம் பேர். அவளுக்குக் காளி என்று ஒரு வேலைக்காரி. கெட்டிக்காரி, வேலையைக் குறை சொல்ல முடியாது. காளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. எஜமானி சாந்தமாக இருப்பது அவளுக்குள்ளே கோபம் இல்லாததாலா, இல்லை நான் வேலையை ஒழுங்காகச் செய்வதாலா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் வேண்டுமென்றே பொழுது விடிந்து நேரம் கழித்து எழுந்தாள். எஜமானி முகம் சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதமாக எழுந்தாள். வாயால் திட்டு விழுந்தது. மூன்றாம் நாள் இன்னும் தாமதம். வேதேகிகா கதவின் தாழ்க்கட்டையை எடுத்துத் தலையில் அடித்துவிட்டாள். காளி ரத்தம் வழியும் தலையோடு அக்கம்பக்கத்தாரிடம் போய், சாந்தசீலியின் லட்சணத்தைப் பாருங்கள் என்றாள். ஊரில் இருந்த பேர் போயிற்று.

புத்தர் இதைப் பிக்குகளிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோறும் துணியும் தங்குமிடமும் சரியாகக் கிடைக்கும்வரை சில பிக்குகள் மிகவும் பணிவாக இருக்கிறார்கள். அதைப் பணிவு என்று நான் சொல்லமாட்டேன் என்கிறார். ஆக, தொல்லை தரும் மனிதர் இங்கே ஓர் அளவுகோல். நமக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் வெளியே கொண்டுவந்து காட்டுகிறார்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வேதேகிகாவுக்குப் பாடம், காளிக்குத் தலையில் காயம். அவள் ஓர் அடிமைப் பெண். காளிக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சூத்திரம் சொல்லவில்லை. யார் யாருக்குக் கடினமான மனிதர் என்பது அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பின்னால் மறுபடி பார்க்கலாம்.

இதே சூத்திரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றாட வாழ்வில் மிகவும் பயன்படக்கூடியது. பிறர் நம்மிடம் பேசும் பேச்சைப் புத்தர் ஐந்து ஜோடிகளாகப் பிரிக்கிறார்: சமயத்துக்குப் பொருத்தமானது, பொருத்தமற்றது, உண்மையானது, பொய்யானது, மென்மையானது, கடுமையானது, நன்மை தருவது, தராதது, அன்பான மனத்தோடு சொன்னது, வெறுப்போடு சொன்னது. எப்படிப் பேசினாலும் மனம் மாறாமல் இருக்கப் பழக வேண்டும் என்பது உபதேசம். அதற்கு முன்னால் இந்தப் பிரிப்பே ஒரு பெரிய உதவி.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அது மேலே போகும். கோட் ரிவ்யூ என்போம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இந்த வேலையைச் செய்த மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். ஒரு சின்ன மாற்றத்துக்கு முப்பது குறிப்பு எழுதுவார். "இதை எழுதும்போது விழித்திருந்தாயா" என்பது அவருடைய மென்மையான குறிப்புகளில் ஒன்று. அத்தனை பேரும் பார்க்கிற இடத்தில் எழுதுவார், வெள்ளிக்கிழமை மாலையில் எழுதுவார். குழுவில் இருவர் அவருக்காகவே வேறு வேலை தேடிப் போனார்கள்.

அவருடைய குறிப்புகளை இந்த ஐந்து ஜோடிகளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தாளில் ஐந்து கட்டம். சமயம்: பொருத்தமற்றது. தொனி: கடுமை. இவை இரண்டிலும் சந்தேகமே இல்லை. உண்மையா என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆமாம் என்று எழுத வேண்டி வந்தது. பயனுள்ளதா என்ற கட்டத்தில் பாதிக்குப் பாதி. கடைசிக் கட்டம், அதாவது எந்த மனத்தோடு சொன்னார் என்பது, எப்போதும் காலியாகவே இருந்தது. அவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நண்பர்கள் கூடி அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்த ஐந்தாவது கட்டத்தைப் பற்றி மட்டும்தான்! "வேணும்னே பண்றான்", "நம்மளக் கண்டாலே ஆகாது அவனுக்கு" என்பதெல்லாம் அங்கேதான் சேர்ந்தன. மற்ற நான்கும் கண்ணால் பார்க்கக் கூடியவை. உண்மையும் பயனும் உள்ளதைத் திருத்திக்கொண்டேன். தொனியைப் பற்றி அவரிடம் தனியாக, ஒரு தடவை, இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் பெரிதாக மாறவில்லை. குறிப்புகள் முப்பதிலிருந்து குறைந்தன, அது என் நிரல் மேம்பட்டதால்.

புத்தகோசரின் வரிசை

மைத்ரி தியானம் என்பதை இப்போது பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, நான் நலமாக இருக்கட்டும், எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கச் சொல்வார்கள். இதை மிக விரிவாக எழுதிவைத்தவர் புத்தகோசர். ஐந்தாம் நூற்றாண்டு. அனுராதபுரத்து மகாவிகாரத்தில் இருந்து 'விசுத்திமக்கம்' எழுதினார். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியபோது, காஞ்சிபுரத்தில் தன்னோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற தேரரின் வேண்டுகோளால் எழுதுவதாக அவரே குறிப்பிடுகிறார்.

விசுத்திமக்கத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில் இந்தத் தியானத்துக்கான வரிசை இருக்கிறது. முதலில் தனக்கு. பிறகு மதிப்புக்குரிய ஒருவர், ஆசிரியரைப் போல. பிறகு மிக நெருங்கிய நண்பர். பிறகு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்ற ஒருவர். கடைசியில்தான் பகைவர். ஆரம்பத்திலேயே பகைவரை நினைக்காதே, கோபம்தான் வரும் என்று தெளிவாகவே எச்சரிக்கிறார். பகைவரே இல்லாதவர்கள் இந்தக் கடைசிப் படியைச் செய்ய வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். (அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.)

பகைவரிடம் வந்ததும் மனம் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு அவர் தரும் உபாயங்கள் சுவையானவை. முதலில் முந்தைய படிகளுக்குத் திரும்பிப் போ. முடியவில்லையா, ரம்ப உவமையை நினைத்துக்கொள். அதுவும் பலிக்கவில்லையா, அந்த ஆளிடம் உள்ள ஒரே ஒரு நல்ல விஷயத்தைத் தேடு. நடத்தை மோசமாக இருந்தாலும் பேச்சு நன்றாக இருக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் அவன் போகப்போகும் கதியை நினைத்து இரக்கப்படு. கோபம் என்பது பிறர்மேல் எறியக் கையில் எடுத்த நெருப்புத் தணல், முதலில் சுடுவது யாரை என்று யோசி. எண்ணற்ற பிறவிகளில் இவரே உனக்குத் தாயாக இருந்திருப்பார் என்று நினை. இப்படியே போய், ஓரிடத்தில் உடலைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். எதன்மேல் கோபம்? தலைமயிரின் மேலா, நகத்தின் மேலா, மண்ணின் மேலா, நீரின் மேலா? எங்கள் தொழிலில் பிழை எங்கே என்று தெரியாதபோது நிரலைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவோம். பாதிக்கும் மேல் பிரித்தபின் பிழை எங்கேயும் அகப்படாமல் போவதும் உண்டு. புத்தகோசர் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்யச் சொல்கிறார்.

இதெல்லாம் செய்தும் முடியாதவனுக்குக் கடைசி உபாயம், பகைவனுக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடு என்பது. அவனிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்வதும் ஆகும். இதற்கு ஒரு சம்பவம் சொல்கிறார். இலங்கையில் சித்தலபப்பத விகாரத்தில் ஒரு தேரரை இன்னொருவர் மூன்று முறை தங்குமிடத்திலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறார். எழுப்பிவிடப்பட்டவர், தன் தாய் கொடுத்த எட்டுக் காசு பெறுமான பிச்சைப் பாத்திரத்தைக் கொண்டுபோய் அவருக்கே கொடுத்தார். மடாலயத்தில் இடத் தகராறு! ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய இந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தொடர்ந்து ஒரு சோதனை வைக்கிறார். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்: நீ, உன் நண்பர், இரண்டுமற்ற ஒருவர், உன் பகைவர். கொள்ளைக்காரர்கள் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். பகைவரைக் காட்டிக்கொடுத்தால் உன் பயிற்சி முடியவில்லை என்பது தெரிந்ததே. என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால்? அப்போதும் முடியவில்லை என்கிறார் புத்தகோசர். நால்வரில் எவரையும் கொடுக்கத் தோன்றாதபோதுதான் எல்லைகள் உடைந்தன என்று பொருள். தன்னை மிதிக்கவிடுவதுதான் பொறுமை என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும். மைத்ரியின் கணக்கில் நாமும் ஒரு ஆள். வரிசையில் முதல் ஆளே நாம்தான்.

வேதனை என்ற சொல்

'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இப்போது சொல்லப்படுவது பாலியில் 'ஸதி'. சம்ஸ்கிருதத்தில் ஸ்மிருதி, அதாவது நினைவு. இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ரைஸ் டேவிட்ஸ் 1881ல் இந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டார், அதுவே நிலைத்தது. 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் நாட்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து மருத்துவமனை, பள்ளிக்கூடம், ராணுவம் என்று பரவி, 2007ல் கூகுளில் சேட்-மெங் டான் என்ற சிங்கப்பூர்ப் பொறியாளர் வழியாக எங்கள் துறைக்கும் வந்து சேர்ந்தது.

மூல நூலான சதிபட்டான சுத்தம் கவனிக்கச் சொல்வது நான்கை: உடல், வேதனை, மனம், மனத்தில் எழும் பொருள்கள். இரண்டாவதாக வரும் வேதனை என்ற சொல்லைத் தமிழர்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். நமக்கு வேதனை என்றால் துன்பம் மட்டும்தான். பாலியில் இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்ற மூன்று வகை உணர்ச்சிக்கும் அதே பெயர். ஒரு சொல் நம்மிடம் வந்து சேர்ந்து துன்பமாக மட்டும் சுருங்கிப்போனதைப் பற்றி மொழியியலாளர்கள்தான் எழுத வேண்டும்.

பயிற்சியில் இது எப்படி உதவுகிறது? காதில் ஒரு சொல் விழுகிறது. அடுத்த கணம் உடம்பில் ஏதோ நடக்கிறது. எனக்குத் தாடை இறுகும், பிறகு காது மடல் சூடாகும். அது வேதனை. அதற்கு அடுத்த கணம் 'இவனை விடக்கூடாது' என்ற எண்ணம். அது வேட்கையும் வெறுப்பும். பௌத்தத்தின் காரண காரியச் சங்கிலியில் தொடுதலுக்குப் பின் வேதனை, வேதனைக்குப் பின் வேட்கை என்று வருகிறது. தொடுதலை நிறுத்த முடியாது, காது என்று இருந்தால் கேட்கத்தான் செய்யும். வேதனையையும் நிறுத்த முடியாது. வேதனைக்கும் வேட்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அங்கே மட்டும்தான் நிற்கலாம். நிரல் ஓடும்போது ஓர் இடத்தில் நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு எங்களிடம் பிரேக்பாயிண்ட் என்று ஒன்று உண்டு. அதுபோல. காது மடல் சூடாவதை, சூடாகிறது என்று மட்டும் கவனித்தால் அது எழுந்து, இருந்து, தணிவது தெரியும். அதற்குள் பதில் மின்னஞ்சல் அனுப்பாமல் இருந்தால் போதும். தொல்லை தராதவர்களோடு மட்டுமே பழகினால் இந்த இடைவெளி கண்ணில் படுவதே இல்லை.

எல்லைகள்

இனி மறுபக்கம். 2013ல் ரொனால்ட் பர்சர், டேவிட் லாய் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை மிகவும் பேசப்பட்டது. பர்சர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேலாண்மைப் பேராசிரியர். 2019ல் 'மெக்மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற புத்தகமும் எழுதினார். அலுவலகத்தில் மனிதர்கள் நொந்துபோவதற்கு அளவுக்கு மீறிய வேலை, நிச்சயமின்மை, மோசமான நிர்வாகம் என்று காரணங்கள் இருக்கும்போது, உன் மூச்சைக் கவனி என்று சொல்வது பிரச்சினையை ஊழியரின் தலைக்குள் தள்ளிவிடுகிறது என்பது அவர் வாதம். இதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். தியான அறைக்கு மெத்தை வாங்கிப்போடும் நிர்வாகம், புகார் கொடுத்தால் கேட்கிற நிர்வாகமாகவும் இருக்க வேண்டும்.

இன்னும் கடுமையான உதாரணம் பௌத்தத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 1992ல் வெளிவந்து மிகவும் புகழ்பெற்ற 'டிபெட்டன் புக் ஆஃப் லிவிங் அண்ட் டையிங்' நூலை எழுதிய சோக்யால் ரின்போசே மீது, அவருடைய நீண்டகால மாணவர்கள் எட்டுப் பேர் 2017ல் ஒரு கடிதம் எழுதினார்கள். அடித்தார், பாலியல் கொடுமை செய்தார் என்று குற்றச்சாட்டுகள். அமைப்பே நியமித்த வெளி வழக்கறிஞர் நிறுவனம் விசாரித்து, சில மாணவர்கள் கடுமையான உடல், பாலியல், மனக் கொடுமைகளுக்கு ஆளானார்கள் என்று 2018ல் அறிக்கை தந்தது. சோக்யால் 2019ல் இறந்தார். அத்தனை வருடம் அந்த மாணவர்கள் ஏன் பொறுத்தார்கள்? குரு அடித்தால் அது நம் அகங்காரத்தைக் கரைக்கும் போதனை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதீசரின் கதையைத் தலைகீழாக்கினால் கிடைப்பது இதுதான். அதீசரின் பணியாள் அதீசருக்குக் கீழே இருந்தவன். அவனை எந்த நிமிடமும் அவர் அனுப்பியிருக்கலாம். வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் கையில் இருந்தது. அது கையில் இல்லாதவரிடம் போய், உன்னை அடிப்பவனிடம் கற்றுக்கொள் என்று யாரும் சொல்லக் கூடாது. அடிபடுகிறவர் முதலில் அந்த இடத்தைவிட்டு வெளியே வரவேண்டும். வந்தபின் தியானம் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

இதைப் படிப்பவர்களில் பலர் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்குக் காவி உடையே தொல்லையின் சின்னம். 1956ல் சிங்களம் மட்டும் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் பிக்குகள் முக்கியமானவர்கள். 1958ல் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டபோது பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பிக்குகள். அடுத்த ஆண்டு அவரைச் சுட்டுக் கொன்றவரும் ஒரு பிக்குதான். விசுத்திமக்கம் எழுதப்பட்ட அதே தீவு. இவர்களிடம் போய் மைத்ரி என்று பேச எனக்குத் தகுதி இல்லை. பகைவரிலிருந்து தொடங்காதே என்று புத்தகோசர் சொன்னதை மட்டும் நினைவுபடுத்தலாம்.

அதோடு, பௌத்தம் தமிழிலேயே பேசிய ஒரு நூல் நமக்கு இருக்கிறது என்பதையும். சாத்தனாரின் மணிமேகலையில் உதயகுமரன் கொல்லப்பட்டபின் அவன் தாய் இராசமாதேவி மணிமேகலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறாள். சிறைவிடு காதையில் வரும் பகுதி. பித்தேற்ற மருந்து கொடுக்கிறாள், பலிக்கவில்லை. கெடுப்பதற்குக் காசு கொடுத்து ஒரு முரடனை அனுப்புகிறாள், அவன் ஓடிப்போகிறான். புழுக்கறையில் பூட்டிப் பட்டினி போடுகிறாள். மணிமேகலை வாடவில்லை. நூலில் இவையெல்லாம் மந்திரத்தின் வலிமை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடக்கும் உரையாடல். அஞ்சி நிற்கும் அரசியிடம் மணிமேகலை கேட்கிறாள்: மகனுக்காக அழுகிறாயே, உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா? உடலுக்காக என்றால் அதைச் சுடுகாட்டில் இட்டவர் யார்? உயிருக்காக என்றால் அது போன இடம் தெரியாது, அதன்மேல் அன்பு வைத்தவர் எல்லா உயிருக்கும் அழ வேண்டும். தன்னைக் கொல்லப் பார்த்தவளுக்குள் இருந்த புத்திர சோகத்தை அவள் பார்த்திருக்கிறாள். அரசி வணங்க வரும்போது அதை ஏற்கவும் மறுக்கிறாள். முற்பிறவியில் என் கணவனாக இருந்தவனைப் பெற்றவள் நீ, இந்நாட்டு மன்னனின் தேவி, நீ என்னை வணங்குவது தகாது என்கிறாள். இத்தனைக்கும் நடுவில் எங்கேயும், நீ செய்தது சரி என்று அவள் சொல்லவில்லை. செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அன்பாகப் பேசுகிறாள்.

உட்கார்ந்து பழக விரும்புகிறவர்களுக்கு: பர்மாவில் பிறந்த கோயங்கா 1969ல் இந்தியாவில் கற்றுத்தரத் தொடங்கிய பத்து நாள் விபஸ்ஸனா முகாம்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் ஒரு மையம் உண்டு, மாசசூசெட்ஸில் ஷெல்பர்ன் ஃபால்ஸில் 1982ல் தொடங்கிய மையம் உண்டு. கட்டணம் கிடையாது. ஏற்கனவே முகாமை முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். முதல் ஒன்பது நாள் பேச்சே கிடையாது, கண்ணால் ஜாடை காட்டுவதும் கூடாது. ஒரு வார்த்தைகூடப் பேசாத பக்கத்து மெத்தைக்காரரின் மேல், அவர் மூக்கை உறிஞ்சும் சத்தத்துக்காக மட்டும், ஐந்தாம் நாளில் எவ்வளவு கோபம் வருகிறது என்பதை அங்கே பார்க்கலாம். மைத்ரி தியானத்தைப் பத்தாம் நாள்தான் சொல்லித் தருகிறார்கள். அதன்பின் பேச அனுமதி உண்டு.